‘உம்’ கொட்டுதலும் ஒப்புதலும்

கதை கேட்பவர் ‘உம்’ கொட்ட வேண்டும் என்பது தமிழ்நாட்டுப் பாட்டிமார் மட்டும் விதித்த விதி அன்று. ராஜஸ்தானத்துக் கதைசொல்லல் மரபில் இதற்கு ‘ஹுங்காரோ’ என்று பெயர். அது நின்றால் கதையும் நின்றுவிடும். இந்தியின் ‘ஹாஞ்ஜீ’, மராத்தியின் ‘ஹோ’, தமிழின் ‘சரிங்க’ எல்லாம் ஒரே பணியைச் செய்யும் சொற்கள். ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்’ என்பதே அவற்றின் பொருள். ‘நீ சொல்வது உண்மை’ என்று அவை சொல்வதில்லை. கதை கேட்கும் குழந்தைக்கும் இது தெரியும். ஆனால் தொலைபேசி வழியே வாடிக்கையாளர் கருத்தை அறியப் புறப்படுபவர்களின் படிவங்களில் இந்த ‘உம்’ நாள்தோறும் ‘ஆம்’ என்று பதிவாகிறது. அந்த ‘ஆம்’களைக் கூட்டி விழுக்காடு கண்டு, அந்த விழுக்காட்டைக் காட்டி முடிவெடுக்கிறார்கள். முடிவின் விளைவைச் சுமப்பவரோ ‘உம்’ கொட்டிய அந்த மனிதர்.

இந்தியாவில் தொலைபேசி ஓர் ஆய்வுக்களமாக மாறியதற்குச் சில படிகள் உண்டு. 2003-இல் உள்வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் நீங்கியது. அதுவரை அழைப்பை ஏற்பவரின் பையிலிருந்தும் காசு போனது. அந்நியர் ஒருவரின் கேள்விக்குப் பதில் சொல்ல எவரும் பணம் கொடுத்துக்கொண்டு நிற்க மாட்டார். 2016-க்குப் பிறகு பேச்சுக்கெனத் தனிக்கட்டணம் ஏறத்தாழ மறைந்தது. 2020-இன் பொதுமுடக்கம் மிச்சத்தைச் செய்தது. இந்தியப் பொருளாதாரக் கண்காணிப்பு மையம் தன் குடும்ப நுகர்வு ஆய்வைத் தொலைபேசிக்கு மாற்றியது. தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆய்வுக் குழு தில்லி வட்டாரத்தில் தொலைபேசி வழியே ஆய்வு நடத்தியது. வணிக நிறுவனங்களின் வாடிக்கையாளர் ஆய்வும், முனைவர் பட்ட மாணவர்களின் களப்பணியும் அவ்வாறே கைபேசிக்குள் புகுந்தன. முடக்கம் நீங்கிய பிறகும் பல ஆய்வுகள் வெளியே வரவில்லை. தொலைபேசி மலிவானது. மலிவான முறையை எந்த நிதிக்குழுவும் எளிதில் கைவிடுவதில்லை.

இந்த மாற்றத்தில் ஓர் அனுமானம் சத்தமின்றி ஒட்டிக்கொண்டது. நேர்முகத்தில் முகத்தைக் கழித்தால் தொலைபேசி நேர்காணல் கிடைத்துவிடும் என்ற அனுமானம் அது. உண்மையில் தொலைபேசிப் பேச்சு தனக்கென நிலமும் வேலியும் கொண்ட வேறொரு பேச்சுவகை. உரையாடல் பகுப்பாய்வு என்ற துறையே தொலைபேசியை வைத்துத்தான் பிறந்தது என்றால் மிகையில்லை. ஹார்வி சாக்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் தற்கொலைத் தடுப்பு மையத்துக்கு வந்த அழைப்புகளைக் கேட்டபோது அவரை முதலில் நிறுத்தியது ஒரு சிறிய செய்தி. மையத்தின் ஊழியர் தம் பெயரைச் சொன்னதும், மறுமுனையில் இருந்தவர் சரியாகக் கேட்கவில்லை என்று கூறி, தம் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தை நழுவவிட்டார். இமானுவேல் ஷெக்லாஃப் 1968-இல் வெளியிட்ட கட்டுரை, ஏறத்தாழ 500 தொலைபேசி அழைப்புகளின் முதல் சில நொடிகளை மட்டுமே ஆராய்ந்தது. 500-இல் ஒன்றே ஒன்று அவர் கண்ட விதிக்கு அடங்கவில்லை. அந்த ஒன்றுக்காக அவர் விதியையே திருத்தி எழுதினார். இன்று ஆயிரக்கணக்கான அழைப்புகளைச் சராசரியாக்கித் தள்ளும் ஆய்வறிக்கைகளை எழுதுவோர் அந்தக் கட்டுரையை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

முதல் சில நொடிகளில் இந்தியச் செவி எதைத் தேடுகிறது? பழக்கமற்ற எண். எடுத்தவர் ‘ஹலோ’ என்கிறார். மறுமுனையில் இருப்பவர் தம்மைச் சொல்லாமல் ‘இன்னார்தானே பேசுவது?’ என்று இவர் பெயரைக் கேட்கிறார். வங்கியின் பெயரால் மோசடி அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும் நாட்டில் இந்தத் தொடக்கம் எச்சரிக்கை மணி அடிப்பதற்குச் சமம். எடுத்தவர் ‘நீங்க யாரு?’ என்கிறார். அழைத்தவர் படிவத்தில் உள்ளபடி மீண்டும் பெயரைக் கேட்கிறார். இந்த இழுபறியில் தோற்பவர் யாராயினும், அதன்பின் கிடைப்பது தகவல் அன்று, தற்காப்பு. தம் பெயர், தாம் பேசும் ஊர், எண் எங்கிருந்து கிடைத்தது, எதையும் விற்க அழைக்கவில்லை என்பது, எவ்வளவு நேரம் ஆகும் என்பது ஆகிய ஐந்தையும் கேட்கப்படுவதற்கு முன்பே சொல்லிவிடுபவருக்கு வேறொரு உரையாடல் வாய்க்கிறது. நேரத்தைப் பற்றிய பொய் இவற்றுள் மிகக் கேடானது. ‘இரண்டே நிமிடம்’ என்று தொடங்கி இருபது நிமிடம் நீளும் அழைப்பில், மூன்றாம் நிமிடத்திலிருந்து கிடைப்பவை எல்லாம் அழைப்பை முடித்துவைப்பதற்கான பதில்கள்.

விளித்தலைப் பற்றியும் ஒரு சொல். ‘பையா’, ‘தீதீ’, ‘பாவூ’, ‘தாயி’, ‘அண்ணா’, ‘அக்கா’ என்ற உறவுச்சொற்கள் அந்நியத்தை ஒரே அசையில் கரைக்கும் ஆற்றல் உடையவை. பயிற்சி அளிப்போர் இவற்றை ஊக்குவிப்பதும் அதனால்தான். ஆனால் உறவுச்சொல் இருமுனைக் கத்தி. தம்பியாகிவிட்டவனிடம் அவன் கொண்டுவந்த பொருளைக் குறைசொல்ல எந்த அக்காவுக்கும் நா எழாது. பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் எழுதிய மரியாதைக் கோட்பாடு கோயம்புத்தூர் மாவட்டக் கிராமம் ஒன்றின் தமிழையும் தன் மூன்று அடிப்படைத் தரவுகளில் ஒன்றாகக் கொண்டது. எதிரில் இருப்பவரின் முகம் வாடாமல் காக்க மொழி எத்தனை வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது என்பதே அந்நூலின் விரிவு. அந்த வழிகள் அத்தனையும் வாடிக்கையாளர் ஆய்வாளருக்கு எதிராகச் செயல்படுகின்றன. அழைத்தவர் வருந்தக் கூடாது என்பதற்காகவே அழைக்கப்பட்டவர் பொருளைப் புகழ்கிறார். இது பொய் ஆகாது, நல்ல வளர்ப்பு.

இந்த நல்ல வளர்ப்பை இயந்திரமும் கெடுக்கிறது. எப்படி என்பதைச் சற்று நின்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். டான்யா ஸ்டைவர்ஸும் பிறரும் 2009-இல் பத்து மொழிகளின் இயல்பான உரையாடல்களை அளந்தார்கள். கேள்வி முடிந்து பதில் தொடங்கும் வரை உள்ள இடைவெளி சராசரியாக ஏறத்தாழ 200 மில்லிவினாடி என்று கண்டார்கள். கண் இமைக்கும் நேரம் என்று தமிழில் சொல்வது அதைத்தான். அந்தப் பத்தில் இந்திய மொழி ஒன்றுகூட இல்லை என்பது தனிக்கதை. இனித் தொலைபேசிக்கு வருவோம். குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல 150 மில்லிவினாடி வரை ஆவதைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஏற்கிறது. அந்த வரம்புக்குள் உள்ள நல்ல இணைப்பையே கொள்வோம். அழைத்தவர் கேட்டு முடித்த கேள்வி 150 மில்லிவினாடி கழித்துச் சென்று சேர்கிறது. கேட்டவர் இயல்பாக 200 மில்லிவினாடியில் பதிலைத் தொடங்குகிறார். அப்பதில் திரும்பிவர இன்னொரு 150. ஆக, மறுமுனையில் எந்தத் தயக்கமும் இல்லாதபோதே அழைத்தவர் காதில் அரை வினாடி மௌனம் விழுகிறது.

மனித உரையாடலில் மௌனத்துக்குப் பொருள் உண்டு. உடன்பாடு உடனே வரும்; மறுப்பு சற்றுத் தாமதித்து, ‘வந்து…’, ‘அது என்னன்னா…’ என்று இழுத்துக்கொண்டு வரும். அனிதா பொமரான்ட்ஸ் 1984-இல் இதை விரிவாகக் காட்டினார். ஆகவே அந்த அரை வினாடியை அழைத்தவரின் செவி ‘ஏதோ சரியில்லை’ என்று படிக்கிறது. பயிற்சியற்ற அழைப்பாளர் அந்த மௌனத்தைத் தாங்கமாட்டார். பதில் வந்துகொண்டிருக்கும்போதே கேள்வியை மாற்றிக் கேட்பார், அதுவும் ஒப்புக்கொள்ள எளிதான வடிவில்: ‘அதாவது, மொத்தத்தில் நல்லாத்தானே இருக்கு?’ வரவிருந்த பதில் நடுவழியில் மோதி உடைகிறது. மறுமுனையில் இருப்பவர் தாம் சொல்லத் தொடங்கியதை விழுங்கிக்கொண்டு ‘ஹாஞ்ஜீ’ என்கிறார். கம்பியின் தாமதம் மனிதரின் தயக்கமாகவும், அந்தத் தயக்கத்துக்கு மருந்தாகக் கேட்கப்பட்ட கேள்வி பதிலாகவும் மாறிப் படிவத்தில் ஏறுகிறது. இதற்குப் பரிகாரம் எளிது; பழகுவது மட்டும் கடினம். கேள்வியைக் கேட்ட பின் மனத்துக்குள் இரண்டு எண்ணும் வரை வாய் திறக்கக் கூடாது. களப்பணியின் மிகப் பெரிய திறமை வாயை மூடிக்கொண்டிருப்பது என்று நாட்டாரியல் அறிஞர்கள் அறிவார்கள். சந்தை ஆய்வாளர்களுக்கு அதை யாரும் சொல்வதில்லை.

ஹன்னகே ஹவுட்கோப்-ஸ்டேன்ஸ்ட்ரா, சார்லஸ் அன்டாகி இருவரும் 1997-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே பாதிக் கதையைச் சொல்லிவிடும்: ஆம்-இல்லைக் கேள்விகள் கேட்டு மகிழ்ச்சியான மனிதர்களை உருவாக்குதல். பல விடைகளுள் ஒன்றைத் தேரும்படி அமைந்த வாழ்க்கைத்தர வினாக்களை, நேர்காண்பவர்கள் பேச்சின் போக்கில் நம்பிக்கை தொனிக்கும் ஒற்றை ஆம்-இல்லைக் கேள்வியாகச் சுருக்கிவிடுவதை அவர்கள் ஒலிப்பதிவுகளிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். கெட்ட எண்ணத்தால் எவரும் அப்படிச் செய்யவில்லை. பேச்சு என்பது ஒருவரையொருவர் கைதூக்கிவிடும் செயல். அந்தச் செயலின் பக்கவிளைவாக மகிழ்ச்சி உற்பத்தியாகிறது.

கற்பனையாக ஓர் அழைப்பை அமைத்துப் பார்க்கலாம். நாசிக் வட்டாரத்தில் திராட்சை பயிரிடுபவர் ஒருவர் சொட்டுநீர்க் குழாய் வாங்கி ஓராண்டு ஆகிறது. உற்பத்தி நிறுவனத்தின் சார்பில் ஒருவர் புனேயிலிருந்து அழைக்கிறார். பேச்சு மராத்தியில் நடக்கிறது. தமிழில் தந்தால் இப்படி இருக்கும்.

‘பாவூ, நம்ம குழாயில ஏதாவது பிரச்சினை உண்டா?’

‘இல்ல, இல்ல. நல்லாத்தான் ஓடுது.’

‘அப்போ திருப்திதானே?’

‘ஹோ.’

இரண்டு கேள்வி, இரண்டு பதில், முழுத் திருப்தி. அதே மனிதரிடம் வேறு வகையிலும் பேசலாம்.

‘பாவூ, கடைசியா எப்போ தண்ணி விட்டீங்க?’

‘முந்தாநாள் காலையில.’

‘மோட்டார் போட்டதிலிருந்து நிறுத்தின வரைக்கும் என்னென்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்களேன்.’

‘என்ன செய்யறது? மோட்டார் போட்டேன். ஃபில்டரைக் கழட்டிக் கழுவி மாட்டினேன். அப்புறம் கடைசி நாலு வரிசை வரைக்கும் நடந்து போனேன்.’

‘அங்க?’

‘சொட்டு விழுதான்னு பார்க்கணுமே. விழாத இடத்துல ஊசி வச்சுக் குத்தி விடணும்.’

‘முந்தாநாள் மட்டுமா?’

‘தண்ணி விடற அன்னிக்கெல்லாம்தான். ஒரு மணி நேரம் போயிடும்.’

உப்பு மிகுந்த கிணற்று நீரில் சொட்டுவான்களின் வாய் அடைத்துக்கொள்வது சொட்டுநீர்ப் பாசனத்தின் பழைய நோய். அமிலக் கரைசலைச் செலுத்திக் கழுவுவது அதற்கு அறியப்பட்ட மருத்துவம். இந்த விவசாயிக்கு அதை யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அவர் பொய்யும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் ஊசியோடு நடப்பது அவர் கணக்கில் பிரச்சினை என்ற பெயரைப் பெறவே இல்லை. அது வேலை. பழகிவிட்ட துன்பத்துக்கு மனிதர் பெயர் வைப்பதில்லை. பெயரைச் சொல்லிக் கேட்கும் கேள்விக்கு அது அகப்படாது. நடந்ததை வரிசையாகச் சொல்லும் போக்கில்தான் வெளிவரும். ஜான் ஃபிளனகன் 1954-இல் வகுத்த முக்கிய நிகழ்வு முறை, பொதுக்கருத்தை விட்டு நடந்த ஒன்றைக் கேட்கச் சொன்னது. ‘வழக்கமாக என்ன செய்வீர்கள்?’ என்பதற்கும் ‘கடைசியாக என்ன செய்தீர்கள்?’ என்பதற்கும் இடையே உள்ள தூரம் புனேக்கும் நாசிக்கிற்கும் இடையே உள்ளதைவிட அதிகம்.

மேலே வந்த ‘என்னென்ன’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வினாச்சொல்லை இரட்டித்துப் பன்மை காட்டுவது இந்திய மொழிகளின் பொதுச்சொத்து. தமிழில் ‘என்னென்ன’, இந்தியில் ‘க்யா-க்யா’, மராத்தியில் ‘காய் காய்’. தெற்காசிய மொழிகளின் இரட்டித்தல் குறித்து அன்விதா அப்பி 1992-இல் தனி நூலே எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் இந்தக் கருவி இல்லை. ஆகவே ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்க்கப்படும் வினாப் பட்டியல்களில் இது தலைகாட்டுவது அரிது. ‘ஏதாவது தொந்தரவு வந்ததா?’ என்பது ‘இல்லை’ என்பதைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்கும் கேள்வி. ‘என்னென்ன தொந்தரவு வந்தது?’ என்பது பட்டியலை எதிர்பார்த்துக் கேட்கும் கேள்வி. இது பதிலைத் திணிப்பது ஆகாதா என்று முறையியல் வகுப்பில் ஒரு கை உயரும். உயரட்டும். முன்னதும் திணிக்கத்தான் செய்கிறது, எதிர்த்திசையில். ஜான் ஹெரிடேஜும் பிறரும் அமெரிக்கக் குடும்ப மருத்துவர்களிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. ‘வேறு ஏதேனும்’ என்ற பொருளில் ஆங்கிலத்தின் இரண்டு சொற்களுள் ஒன்றை மாற்றியதில், நோயாளிகள் சொல்லாமல் திரும்பிச்சென்ற குறைகளில் 78 விழுக்காடு நீங்கியது. மற்றச் சொல்லால் பயன் எதுவும் இல்லை. தமிழில் அந்த இரு சொற்களுக்கும் ‘ஏதாவது’ என்ற ஒன்றே நிற்கும். எனவே தமிழில் வேறுபாட்டை வேறிடத்தில் செய்ய வேண்டும்: ‘வேற ஏதாவது இருக்கா?’ என்பதற்கும் ‘வேற என்ன?’ என்பதற்கும் இடையில். இந்தியின் ‘அவுர் பதாயியே’, தமிழின் ‘அப்புறம்?’ ஆகியவை பேச்சை முடிக்கத் தெரியாதவர்களின் அசட்டு நிரப்பிகள் என்று கேலி செய்யப்படுகின்றன. இன்னும் சொல்ல இருக்கிறது என்று நம்பி இடம் கொடுக்கும் மிக நாகரிகமான கேள்விகள் அவை.

‘ஏன்’ என்பதோ நேர்மாறானது. ‘ஏன் வாங்கவில்லை?’, ‘க்யோன் நஹீன்?’ என்பவை நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் விளக்கம் கேட்கும் குரலில் மட்டுமே ஒலித்தவை. தலைமையாசிரியர் ‘ஏன் நேற்று வரவில்லை?’ என்று கேட்டபோது அவர் காரணத்தை அறியவா விரும்பினார்? அந்தக் குரலின் நினைவு இல்லாத இந்தியர் குறைவு. முகம் தெரிந்தால் புன்னகை அந்தக் கூர்மையை மழுக்கும். தொலைபேசியில் சொல் மட்டுமே போய்ச் சேர்கிறது. அதனால் ‘ஏன்’ என்று கேட்டால் காரணம் வராது, சமாதானம் வரும். ‘எதனால அப்படி ஆச்சு?’, ‘அப்போ என்ன நினைச்சீங்க?’ என்று கேட்பவருக்குக் கிடைப்பது வேறு.

குறைகள் வரும் வேடத்தையும் அறிந்துவைத்துக்கொள்ள வேண்டும். நம் மொழிகள் பலவற்றில், கேள்விப்பட்டது என்று காட்ட ஒரு சிறு ஒட்டோ சொல்லோ உண்டு. தமிழில் ‘-ஆம்’, தெலுங்கில் ‘-அட்ட’, கன்னடத்தில் ‘-அந்தெ’, மலையாளத்தில் ‘-அத்ரே’, மராத்தியில் ‘ம்ஹணே’. தம் வாயால் குறைசொல்ல விரும்பாதவர் அதைப் பிறர்மேல் ஏற்றிச் சொல்ல இது அருமையான வாகனம். ‘பக்கத்துத் தோட்டத்துக்காரர் குழாய் ஆறு மாசத்துல வெடிச்சுடுச்சாம்.’ ஆங்கிலப் படிவத்தை நிரப்புபவர் இதைப் பொருட்டாகக் கொள்ளமாட்டார். அது வேறொருவரைப் பற்றிய வதந்தி என்று விட்டுவிடுவார். கேட்கத் தெரிந்தவர் அந்த இடத்தில் நிற்பார். ‘அப்படியா? அவருக்கு என்னதான் ஆச்சாம்?’ என்று அதே ‘-ஆம்’ஐத் திருப்பிக் கொடுத்து, முகத்திரையை விலக்காமலே பேசவிடுவார். பத்து நிமிடத்தில் பக்கத்துத் தோட்டம் பெரும்பாலும் சொந்தத் தோட்டமாகிவிடும்.

எண்களின் பக்கம் வந்தால் நிலைமை இன்னும் வேடிக்கையானது. ஃபிரெட் ரைக்கெல்ட் 2003-இல் முன்வைத்த பரிந்துரை மதிப்பெண் முறை உலகெங்கும் பரவியது. நண்பருக்கு இந்நிறுவனத்தைப் பரிந்துரைப்பீர்களா என்று 0 முதல் 10 வரை கேட்பார்கள். 9, 10 தருபவர் ஆதரவாளர். 7, 8 நடுநிலை. 6-ம் அதற்குக் கீழும் எதிர்ப்பாளர். நூற்றுக்கு 35 எடுத்தால் தேர்ச்சி, 60 எடுத்தால் முதல் வகுப்பு என்று வளர்ந்த ஒருவர் நிறைந்த மனத்துடன் 6 தருகிறார். முதல் வகுப்பு கொடுத்த அவரை அறிக்கை எதிரியாக்கிவிடுகிறது. மறுபுறம், அந்த எண்ணில்தான் தம் மாத ஊக்கத்தொகை தொங்குகிறது என்பதை அறிந்த ஊழியர் ‘பத்துக்குப் பத்து போட்டுருங்க சார்’ என்று கெஞ்ச, அலட்சியமாக 10 போட்டவர் ஆதரவாளராகிறார். சொற்களுக்கும் இதே கதி. ‘பரவாயில்லை’ என்பதை எந்தக் கட்டத்தில் குறிப்பது? எதிர்பார்த்ததைவிட நன்று என்றும், பொறுத்துக்கொள்ளலாம் என்றும், நீங்கள் செய்த தவற்றை மன்னித்தேன் என்றும் அது பொருள்படும். எந்தப் பொருள் என்பது குரலின் ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. படிவத்தில் குரலுக்குக் கட்டம் இல்லை.

மறுமுனையில் ஒருவர்தான் இருக்கிறார் என்று நம்புவதும் தவறு. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21), தாமே பயன்படுத்தும் கைபேசி உடைய பெண்கள் 54 விழுக்காட்டினர். ஏனையோரிடம் பேசுவதென்றால் கணவர், மகன், மாமனார் என்று எவரோ ஒருவரின் கையைத் தாண்டியே செல்ல வேண்டும். கைபேசி கைக்கு வந்த பிறகும் ஒலிபெருக்கி அணைந்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. தையல் இயந்திரத்தையோ அடுப்பையோ அன்றாடம் பயன்படுத்துபவரை விட்டுவிட்டு, பணம் செலுத்தியவரிடம் அதன் வசதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் ஆய்வுகள் இப்படித்தான் உருவாகின்றன. பெண்களைப் பெண்களே அழைப்பது, ‘இப்போ பேசத் தோதா, அப்புறம் கூப்பிடட்டுமா?’ என்று தப்பிக்கும் வாசலைத் திறந்துவைப்பது, அருகில் ஆள் இருப்பது போலத் தோன்றினால் ஆம்-இல்லையில் முடியும் கேள்விகளுக்கு மாறிவிடுவது ஆகியவை பயன் தருவன. மேலே இகழப்பட்ட ஆம்-இல்லைக் கேள்விக்கு இங்கே மரியாதை உண்டு. அருகில் இருப்பவருக்குக் கேள்வி கேட்காது. ‘ஆமாம்’ என்ற ஒற்றைச் சொல்லிலிருந்து அவரால் எதையும் ஊகிக்க முடியாது.

அழைப்பை முடிக்கும் இடமே பல வேளைகளில் அழைப்பின் பொன்னான இடம். ஷெக்லாஃபும் சாக்ஸும் 1973-இல் காட்டியபடி, உரையாடல் சட்டென முடிவதில்லை. ‘சரி, அப்போ…’ என்று ஒருவர் சொல்ல, இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல மற்றவருக்கு அது கடைசி வாய்ப்பாகத் திறக்கிறது. வாசல்வரை வந்து செருப்பை மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் பேசும் நம் விருந்தினர்கள் இதை எந்தக் கட்டுரையும் படிக்காமல் அறிந்தவர்கள். படிவம் முடிந்தது, கேள்வி கேட்பவர் என்ற அதிகாரம் இறங்கியது என்று உறுதியான பிறகுதான், ‘ஒண்ணு சொல்லட்டுங்களா…’ என்ற சொற்றொடர் வரும். ஆனால் அடுத்த அழைப்புக்கான கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, முடித்த அழைப்புகளின் எண்ணிக்கையால் அளக்கப்படும் இளைஞர் நன்றியுரையை ஒரே மூச்சில் ஒப்பித்து இணைப்பைத் துண்டிக்கிறார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. அவருக்கு அந்த அரைமணி நேரத்தைக் கொடுக்காத வரவுசெலவுத் திட்டத்தைத்தான் கேட்க வேண்டும்.

சார்லஸ் பிரிக்ஸ் 1986-இல் எழுதிய நூல், நேர்காணல் என்பதே ஒரு சமூகத்தின் பேச்சுவழக்கை மற்றொன்றின்மேல் சுமத்துவது என்று வாதிட்டது. அந்த ஊரில் கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு உண்டு, எந்த வடிவில் கேட்பார்கள் என்பதைக் கற்காமல் கேட்கக் கூடாது என்பது அவர் கட்சி. நியூ மெக்சிகோவின் முதியவர்களிடம் அவர் கற்ற இந்தப் பாடத்தை மராத்திக்கும் போஜ்புரிக்கும் தமிழுக்கும் செய்துபார்க்கத் தரவு வேண்டும். அந்தத் தரவு இல்லாமல் இல்லை. ‘தரம், பயிற்சி ஆகியவற்றுக்காக இந்த அழைப்பு பதிவு செய்யப்படலாம்’ என்ற அறிவிப்புடன் இந்திய மொழிகளின் தொலைபேசிப் பேச்சு மணிக்கணக்கில் பதிவாகிக்கொண்டே இருக்கிறது. 2023-இன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளுள் ஒன்றிலோ பெறும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. அவ்வறிவிப்பு நல்ல தமிழிலேயே வாசிக்கப்படும் என்று கொள்வோம். வாசித்து முடித்ததும் மறுமுனையிலிருந்து, வழக்கம்போல, ‘உம்’ என்று ஒரு குரல் வரும். அது ஒப்புதலா, கேட்டுக்கொண்டிருப்பதன் அடையாளமா என்பதை அந்தச் சட்டத்தின் கீழ் யாராவது ஒரு நாள் தீர்மானித்தாக வேண்டும்.